இன்னும் ஒரு சீசன் ஓடும்

எங்கள் வீட்டு மேசைக்கு அடியில் இருக்கும் கம்ப்யூட்டர் பழையதா, புதியதா?

இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. கணவரிடம் கேட்டால், "ஓடுதுல்லா, விடு" என்கிறார். எல்.கே.ஜி. படிக்கும் மகளிடம் கேட்டால், "அது அண்ணாச்சி கம்ப்யூட்டர்" என்கிறாள். அவள் சொல்வதுதான் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது. அதுவும் காலையில் தோன்றுகிறது, மாலையில் மாறிவிடுகிறது.

அண்ணாச்சி என்றால் 'ஒரு சீசன்' அண்ணாச்சி. கம்ப்யூட்டர் விற்கும் கடையை வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் வாங்க வருகிறவர்களை விரட்டியடிக்கும் மனிதர் இந்த உலகத்திலேயே அவர் ஒருவர்தான். நான் உலகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. ஆலங்குளத்தில் பிறந்து தென்காசியில் வாழ்க்கைப்பட்டவள் நான். இரண்டுக்கும் நடுவே பஸ்ஸில் பார்த்ததுதான் என் உலகம். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தைத் தைரியமாகச் சொல்வேன்.

ரத வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவருடைய கடை. கண்ணாடி அலமாரியில் புத்தம் புதிய கம்ப்யூட்டர் ஒன்று பெட்டியோடு இருக்கும். பெட்டியில் அச்சிட்ட படம் வெளுத்து, அதில் சிரிக்கிற பெண்ணுக்கு முகமே போய்விட்டது. அதை யாராவது விலை கேட்டால், "அது விக்கதுக்கு இல்ல. கடைன்னா ஒண்ணு இருக்கணும்லா, அதுக்கு வச்சிருக்கேன்" என்பார்.

பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுபோனால் மட்டும் அவர் முகம் மலரும். பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டுவார். காதை வைத்துக் கேட்பார். மூடியைக் கழற்றி உள்ளே மோந்து பார்ப்பார். எல்லாம் முடிந்து, கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்புச் சொல்வார்: "இன்னும் ஒரு சீசன் ஓடும்."

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் சீசன் என்றால் குற்றாலத்தில் சாரல் விழுந்து அருவியில் தண்ணீர் கொட்டும் காலம். ஆனியில் தொடங்கும். ஆனால் கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்குப் போகிற சாமிமார் வந்து குளிக்கும் இன்னொரு சீசனும் உண்டு. அண்ணாச்சி எந்த சீசனைச் சொன்னார் என்பது கம்ப்யூட்டர் நிற்கும்வரை யாருக்கும் தெரியாது. ஐப்பசியில் நின்றுபோய்ச் சண்டைக்கு வந்தவரிடம், "சாரல் சீசன் தாண்டிச்சா இல்லியா? நான் சொன்னது அதத்தான்" என்பார். தை மாதம் வரை ஓடிவிட்டால், "ஐயப்ப சீசனும் தாண்டிட்டுப் பாத்தீரா" என்று அவரே ஆச்சரியப்படுவார்.

கம்ப்யூட்டருக்கு மட்டுமில்லை, குடை, செருப்பு, கடைக்கு முன்னால் போட்ட தகரக் கூரை எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். ஒருமுறை அவருடைய அண்ணன் மகளுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் புளியறைக்குப் போயிருக்கிறார்கள். கேசரி தின்று காபி குடித்து வெளியே வந்ததும், "தம்பி, பையன் எப்படி?" என்று அண்ணன் கேட்டிருக்கிறார். "ஒரு சீசன் ஓடும்" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார் இவர். திரும்பி வரும்போது அண்ணன் இவரை வேனின் கடைசி சீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். அந்தப் பையன்தான் இப்போது அந்த வீட்டு மருமகன். ஒவ்வொரு தீபாவளிக்கும் கடைக்கு வந்து, "மாமா, எந்த சீசன்னு நீங்க இன்னும் சொல்லலியே" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

துபாயிலிருந்து விடுமுறையில் வந்த கடையநல்லூர்க்காரர் ஒருவர், தங்கை படிப்புக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்க வந்தபோது நான் கடையில் இருந்தேன்.

"இருக்கதிலயே நல்லதா ஒண்ணு போடுங்க அண்ணாச்சி."

"வீட்ல பழசு இல்லியா?"

"இருக்கு. அது கெடக்கட்டும்."

"கெடக்கட்டும்னா? அது என்ன பாவம் செஞ்சிச்சு?"

"அண்ணாச்சி, நான் நாளைக்கழிச்சு ஃபிளைட் ஏறணும். பேரம்கூடப் பேசல. குடுங்க, போறேன்."

"நீரு ஃபிளைட் ஏறும். அத இங்கன கொண்டுவந்து போட்டுட்டு ஏறும்."

வந்தவர் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் பைக்கை எடுத்தார். உள்ளேயிருந்து அண்ணாச்சியின் மனைவி, நாங்கள் எல்லாரும் மதினி என்று கூப்பிடுகிறவர், எட்டிப் பார்த்தார்.

"வாற ஆளயெல்லாம் வெரட்டுதீங்க. இப்படியே போனா இந்தக் கடை ஒரு சீசன் ஓடாது."

"ஓடும், ஓடும்" என்றார் அண்ணாச்சி. கடையநல்லூர்க்காரர் சாயங்காலமே பழையதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்படிப்பட்டவரிடம் நான் மாட்டிக்கொண்டது என் வேலையால். நான் வீட்டிலிருந்து மெடிக்கல் கோடிங் செய்கிறேன். அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் யாருக்கு என்ன நோய், என்ன ஆபரேஷன் என்று வரும் குறிப்புகளைப் படித்து, அதற்குரிய எண்ணைப் போட வேண்டும். மகள் பிறந்தபோது விட்ட வேலை, அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் திரும்பக் கிடைத்தது. அதுவும் தற்காலிகமாக. அந்த நேரத்தில் கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வந்தது: மாதக் கடைசிக்குள் எல்லாருடைய கம்ப்யூட்டரிலும் புதிய ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்க வேண்டும், கடைசி நாள் முழு ஷிஃப்டும் தடங்கல் இல்லாமல் ஓட்டிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே நுழைய முடியாது.

என்னிடம் இருந்ததோ நான் காலேஜ் சேர்ந்தபோது அப்பா வாங்கித் தந்த கம்ப்யூட்டர். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அப்பா வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் நெற்றியில் அடுக்கடுக்காகக் காய்ந்திருக்கும். புதிய சிஸ்டத்தைப் போட முயன்றால், 'இந்தக் கருவிக்கு இது ஒத்துவராது' என்று திரையில் வந்தது. போதாததற்குப் போன சீசனில் அடிக்கடி தானாக அணைந்து வேறு தொலைத்தது.

புதியது வாங்குவதா, இதிலேயே மாற்ற வேண்டியதை மாற்றுவதா? பீன்ஸ் நறுக்கிக்கொண்டே வீடியோக்களைப் பார்த்தேன். ஒரு தம்பி, பழையதில் காசு போடுகிறவன் முட்டாள் என்றான். அடுத்த வீடியோவில் இன்னொரு தம்பி, புதியது வாங்குகிறவன் முட்டாள் என்றான். எந்த முட்டாளாக இருப்பது என்று கணவரிடம் கேட்டேன். "வேல பாக்கது நீதான, நீயே முடிவு பண்ணு" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் பஸ்ஸுக்கு ஓடினார். ஒரு மனைவியிடம் சொல்லக்கூடாத வார்த்தை ஏதாவது உண்டென்றால் என்னைப் பொறுத்தவரை இதுதான். காலையில் சட்னிக்குத் தேங்காயா தக்காளியா என்பதையே நான் இரண்டையும் அரைத்துத்தான் தீர்க்கிறேன்.

கடைசியில் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் அண்ணாச்சி கடைக்குப் போனேன். தட்டினார். கேட்டார். மோந்து பார்த்தார்.

"இன்னும் ஒரு சீ..."

"அண்ணாச்சி, அத மட்டும் சொல்லாதீங்க. மாசக் கடைசிக்குள்ள புது சிஸ்டம் ஏறலன்னா என் வேல போயிரும்."

அவர் முகம் வாடிவிட்டது. ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே வந்து நிற்கும் டாக்டர் மாதிரிக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப உள்ள உள்ளத மாத்திருவோம் பிள்ள. வெளிய உள்ளது இருக்கட்டும்."

போர்டை மாற்றினார். பிராசஸரை மாற்றினார். மெமரியும் டிஸ்க்கும் புதிதாக வந்தன. பவர் கொடுக்கிற பெட்டியைப் பார்த்து, "இவனும் கெழவன்" என்று அதையும் மாற்றினார். அப்பா வாங்கித் தந்ததில் கடைசியில் மிஞ்சியது வெளியே இருக்கும் தகரப் பெட்டியும், பட்டனும், பொட்டும்தான்.

"அண்ணாச்சி, எல்லாத்தையும் மாத்திட்டீங்க. அப்ப இது புதுசுதான?"

"இந்தப் பொட்டு யாரு வச்சது?"

"எங்கப்பா."

"பெறவென்ன. பழசுதான்."

அன்றைக்குப் பிடித்த குழப்பம் இன்னும் என்னை விடவில்லை.

கடையில் கம்ப்யூட்டர் குதிரை மாதிரி ஓடியது. வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டிய நாளிலிருந்து மத்தியானமானால் அணைந்தது. நான் பன்னிரண்டு மணிவாக்கில் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துவரப் போவேன். வந்து சமையலறையில் நுழைந்து, எல்லாருக்கும் சோறு போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால், திரை இருண்டிருக்கும். பாதியில் விட்ட வேலை போயிருக்கும்.

'எல்லாரும்' என்று சொன்னது சீசன் விருந்தாளிகளையும் சேர்த்து. தென்காசியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஆனி ஆடியில் சொந்தக்காரர்கள் பெருகுவார்கள். எங்கள் வீட்டுக்கு வருஷம் தவறாமல் சென்னையிலிருந்து என் கணவரின் சித்தியும் சித்தப்பாவும் வருவார்கள். நல்லவர்கள். கம்ப்யூட்டர் இருக்கும் அறையில்தான் தங்குவார்கள். இந்த முறை மெயின் அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டதால், "தண்ணி கொறஞ்சதும் ஒரு நல்ல குளியல் போட்டுட்டுக் கிளம்புறோம்மா" என்று ஐந்தருவியிலும் புலியருவியிலுமாகக் குளித்தபடி காத்திருந்தார்கள்.

அண்ணாச்சிக்கு போன் செய்தேன். வந்தார். எங்கள் வீடு மாடியில். அவர் படியேறி வருவதை அப்போதுதான் முதலில் பார்த்தேன். ஒரு படி ஏறுவார், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பார், அடுத்த படிக்கு யோசிப்பார். ஒவ்வொரு படிக்கும் முட்டி இரண்டும் கடக் கடக் என்று சத்தம் போட்டன.

"அண்ணாச்சி, முட்டி வலிக்கா?"

"அது ஃபேன் சத்தம். ஆயில் விடணும். நீ கம்ப்யூட்டரக் காட்டு."

முதல் நாள், வோல்டேஜ் சரியில்லை என்றார். கீழ் வீட்டில் மாவாட்டும்போது கரண்ட் குறைகிறதாம். கீழ் வீட்டு அக்காவிடம் கெஞ்சினேன், அவர்கள் ஒருநாள் மாவாட்டாமல் உப்புமா தின்றார்கள். கம்ப்யூட்டர் அணைந்தது. மறுநாள், சாரல் ஈரம் உள்ளே போகிறது என்றார். ஜன்னலையெல்லாம் சாத்தினோம். வீடு இட்லிக் கொப்பரை மாதிரி ஆகி நாங்கள் வெந்தோம். கம்ப்யூட்டர் அணைந்தது. மூன்றாவதாக, "நம்மூரு கோயில் கோபுர வாசல்ல கொண்டுபோயி வச்சா ஃபேனே வேண்டாம், அங்கன என்ன காத்து, என்ன காத்து" என்றார். அது யோசனையா புலம்பலா என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் ஒரு நிமிஷம், கோபுர வாசலில் உட்கார்ந்து கோடிங் செய்ய விடுவார்களா என்று நான் யோசித்தேன் என்பது உண்மை.

மாதக் கடைசிக்கு ஒரு நாள்தான் இருந்தது. மறுநாள் முழு ஷிஃப்டும் ஓட வேண்டும். நான் அழுகிற நிலையில் போன் செய்தேன். "வீடியோக்காரத் தம்பி சொன்னாப்ல புதுசே வாங்கிருக்கணுமோ அண்ணாச்சி?"

அந்தப் பக்கம் கடை ஷட்டரை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "நான் வாரேன். அது அணையுத வரைக்கும் அங்கனயே இருந்து பாக்கேன்" என்றார்.

வந்தார். அந்த அறையிலேயே பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். நான் மகளை அழைத்து வந்தேன். அவள் வந்ததும் அவர் முட்டியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஒரு சீசன் ஓடும்" என்றாள். அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது.

அப்போதுதான் ஐந்தருவியிலிருந்து சித்தப்பாவோடு சித்தி வந்தார். தலையில் ஈரம் சொட்டச் சொட்ட, "வாங்கண்ணே" என்று அவரை மரியாதையாக விசாரித்தார். பையிலிருந்து பிழிந்த துண்டை எடுத்தார். உதறினார். குனிந்து, கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில், சூடான காற்று வெளியே வரும் இடத்தை முழுக்க மூடி, சுருக்கமில்லாமல் நீவிவிட்டு விரித்தார். அதற்கு மேல் சித்தப்பாவின் துண்டு.

அண்ணாச்சி நீட்டியிருந்த காலை மடக்கினார்.

"வெளிய வெயிலே இல்லைங்க" என்றார் சித்தி. "கொடியில போட்டா ரெண்டு நாளானாலும் காயமாட்டேங்குது. இதுல போட்டா அரை மணி நேரத்துல மொறுமொறுன்னு ஆயிடுது. போன வருஷமே கண்டுபிடிச்சேன்."

"காத்து நின்னு போவுமே, தாயி?" என்றார் அண்ணாச்சி மெதுவாக.

"ஆமா. காத்து நின்னதும் எடுத்து மடிச்சு வச்சிடுவேன்."

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். திட்டப்போகிறார், சித்தி மனம் நோகப்போகிறது, குடும்பத்தில் காலத்துக்கும் பேச்சாகப்போகிறது என்று நினைத்தேன். அவர் மெல்லக் குனிந்து துண்டின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்லாத்தான் காயுது" என்றார்.

பிறகு தன் பையைத் திறந்து, நெட் இணைப்புக்குப் போட்டு மிச்சமான நீலக் கேபிளை எடுத்தார். அந்த முட்டியோடு நாற்காலியில் ஏற முயன்றவரைச் சித்தப்பா தடுத்து, தானே ஏறி, அண்ணாச்சி சொன்னபடி வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுத்துக் கட்டினார். ஒரு பழைய டேபிள் ஃபேனைக் கொண்டுவரச் சொல்லி அதன் முகத்தைக் கொடிப் பக்கம் திருப்பி வைத்தார் அண்ணாச்சி. "தாயி, இனி துண்டு இங்கன. அது மூச்சு விடுத எடம், அத விட்டுருவோம்." சித்திக்கு ஒரே சந்தோஷம். இப்போது சென்னையில் அவர் வீட்டிலும் நீலக் கேபிள்தான் கொடியாம்.

மறுநாள் முழு ஷிஃப்டும் ஓடியது. என் வேலை நிரந்தரமானது. ஆனால் அன்று மாலையே புதிய கவலை தொடங்கியது. போன சீசனில் பழைய கம்ப்யூட்டர் அணைந்து அணைந்து போனதும் துண்டால்தானோ? அப்படியானால் அந்தப் பழைய பவர் பெட்டி நல்லதாகத்தான் இருந்திருக்குமோ? அல்லது எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுச் சின்ன லேப்டாப்பாக வாங்கியிருந்தால் துண்டு போட இடமே இருந்திருக்காதோ?

ஆயுத பூஜை அன்று அப்பா வைத்த பொட்டுக்குப் பக்கத்தில் நான் ஒரு பொட்டு வைத்தேன். பொரியும் சுண்டலும் எடுத்துக்கொண்டு மகளோடு அண்ணாச்சி கடைக்குப் போனேன். கடை திறந்திருந்தது, அவரைக் காணவில்லை. மதினிதான் உட்கார்ந்திருந்தார்.

"உள்ள கெடக்காக. திருநெல்வேலில பெரிய டாக்டர்ட்ட காட்டினோம். ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு, மாத்தியே ஆகணும்னுட்டாரு. இவுக என்ன சொல்லுதாக தெரியுமா?"

எனக்குத் தெரிந்தது. என் மகளுக்கும் தெரிந்தது. அவள்தான் சொன்னாள்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. அண்ணாச்சி கட்டிலில் காலை நீட்டிச் சாய்ந்திருந்தார். முகம் சின்னதாகிவிட்டிருந்தது. என்னைப் பார்த்ததும், "கம்ப்யூட்டர் எப்படி ஓடுது?" என்றார்.

"நல்லா ஓடுது அண்ணாச்சி."

"ஏ பிள்ள, நீ நெதம் அமெரிக்காக்காரன் முட்டிக்கெல்லாம் நம்பர் போடுதவ. நீ சொல்லு. மாத்தவா, இதையே ஓட்டவா?"

"அண்ணாச்சி, எனக்கு முடிவெடுக்கவே தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியும்லா."

"அதான் உன்ட்ட கேக்கேன். முடிவெடுக்கத் தெரிஞ்சவனெல்லாம் மாத்துன்னுட்டான்."

அவர் சிரிக்கவில்லை. தினமும் முட்டி மாற்றியவர்களின் குறிப்புகளைப் படிக்கிறேன். எல்லாரும் எனக்கு எண்கள்தான். ஆபரேஷனுக்கு முந்தின நாள் அவர்கள் இப்படிக் கட்டிலில் கிடந்து யாரிடமாவது கேட்டிருப்பார்கள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

"நீங்க எனக்கு போர்டு, பிராசஸர் எல்லாம் மாத்துனீங்க" என்றேன். "ஆனா பழசுதான்னு சொன்னீங்க."

"அதுக்குப் பொட்டு இருந்திச்சு."

மதினி வாசலிலிருந்து, "உங்களுக்கு நான் இருக்கேன்லா" என்றார்.

அண்ணாச்சி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மாத்துனா பெறகு ஃபேன் சத்தம் வராதோ?" என்று என் மகளிடம் கேட்டார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வந்தா நான் ஆயில் விடுதேன்" என்றாள்.

"சரி, யோசிக்கேன். சீசன் முடியட்டும்."

"எந்த சீசன் அண்ணாச்சி?"

அண்ணாச்சி நான் கொண்டுபோன பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

வாசகர்களே, நீங்கள்தான் சொல்ல வேண்டும். டாக்டர் சொல்வது சரிதான் என்று எனக்குக் காலையில் தோன்றுகிறது. ஆபரேஷன் என்றால் சும்மாவா என்று மாலையில் தோன்றுகிறது. மதினியோ, "நீ சொன்னா கேப்பாக" என்று தினமும் போன் செய்கிறார். முட்டி மாற்றிக்கொண்டவர்கள், மாற்றாமலே ஓட்டுகிறவர்கள், யாராக இருந்தாலும் எனக்கு எழுதுங்கள். வலி எப்படி, நடை எப்படி என்று எழுதுங்கள். எங்கள் கம்ப்யூட்டர் ஒரு குறையுமில்லாமல் ஓடுகிறது, அதனால் அவர் இந்தப் பக்கம் வருவதற்குக் காரணமே இல்லாமல் போய்விட்டது. ஆகவே மாற்றிய பிறகு படியேற எவ்வளவு நாளாகும் என்பதை மட்டும் மறக்காமல் எழுதுங்கள்.

எங்கள் வீடு மாடியில் இருக்கிறது.